மாப்பிள்ளை இறங்கக் கூடாத கார்

பொன்னேரி, 1954

ஏப்ரல் 12, திங்கள்

எஞ்சின் இன்று காருக்குள் உட்கார்ந்துவிட்டது. காலையில் புளியமரக் கிளையில் சங்கிலி போட்டுத் தூக்கினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் போல்ட்டெல்லாம் முடுக்கியாகிவிட்டது. கார் 1929ஆம் வருஷத்தியது, அமெரிக்காவில் பிறந்தது, துணிக்கூரையைப் பின்னால் மடக்கினால் திறந்த கார். எஞ்சின் யுத்தத்தில் ஓடி, ஏலத்துக்கு வந்த ராணுவ ஜீப்பினுடையது. இரண்டுக்கும் முன்பின் அறிமுகம் கிடையாது. நான்தான் தரகன்.

பழைய எஞ்சினைக் கொன்றவன் முன்பு இதை ஓட்டிய டிரைவர். ரேடியேட்டர் கொதித்ததும் பயந்துபோய்க் கிணற்றுத் தண்ணீரை வாரி ஊற்றியிருக்கிறான். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? பாளமாக வெடித்துவிட்டது. அதனால்தான் கார் எனக்குக் கிடைத்தது, அந்த மட்டுக்கும் அவன் நன்றாயிருக்கட்டும்.

இந்தப் பழசை எதற்கு வாங்கினாய் என்று ஊரில் கேட்காதவன் இல்லை. இப்போது வருகிற கார்களெல்லாம் மூடின பெட்டி. மாப்பிள்ளை ஊர்வலத்தில் மாப்பிள்ளை தெரியவேண்டாமா? பெட்டிக்குள் அடைத்து எடுத்துப்போனால் எவன் பார்ப்பான்? பொன்னேரி முதல் கும்மிடிப்பூண்டி வரை தேடினாலும் திறந்த கார் இது ஒன்றுதான். திருவள்ளூர் பஸ் கம்பெனி வேலையை நான் விட்டது இதை நம்பித்தான்.

இனி தண்ணீர் போக வர வழி செய்யவேண்டும். ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்கு ஒரு குழாய், எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு ஒரு குழாய், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று சாராளிடம் சொன்னேன். "எந்த வாரம்?" என்றாள். பெண்டாட்டியாக டீச்சரைக் கட்டினால் இப்படித்தான்.

ஏப்ரல் 14, புதன்

வருஷப் பிறப்பு. பழவேற்காடு போய்வந்தேன். இறால் வியாபாரி அப்துல் வஹாப் பாயின் மகன் முஸ்தபாவுக்கு நோன்புப் பெருநாள் கழிந்ததும் கல்யாணம். ஜூன் 13 சாயங்காலம் ஊர்வலம். என் காருக்குப் பாய் சுலபமாகச் சம்மதித்துவிட்டார். ஆனால் அந்த வீட்டில் பேச்சு அவருடையதில்லை, அவர் அக்கா பீவி ஜான் அம்மாளுடையது. திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"மேஸ்திரி, காரு நடுவுல நின்னுடாதே?"

"நிக்காதும்மா."

"இதோ ஒக்காந்திருக்கானே எந்தம்பி, இவன் கல்யாணத்துல குதிரை பாதி வழியில படுத்துக்கிச்சு. எறங்கி நடந்து போனான். இன்னி வரைக்கும் பொண்டாட்டி ஊட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. முஸ்தபா பொண்ணு ஊட்டு வாசல்லதான் எறங்கணும். நடுவுல எறங்கக் கூடாது."

பாய் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதாவது தரையில் விரித்திருந்ததை.

"குதிரைன்னா படுக்கும்மா. இது எஞ்சினு" என்றேன். திரைக்குப் பின்னால் பெண்கள் சிரித்தார்கள்.

இந்த ஊர்வலம் ஒழுங்காகப் போனால் பழவேற்காட்டுக் கல்யாணங்களெல்லாம் என் பக்கம் வரும். நடுவில் நின்றால் இந்தப் பக்கத்தில் ஒருவனும் என்னைக் கூப்பிடமாட்டான். கம்பெனி ஃபோர்மேன் வரதன் சாரிடம்தான் போய் நிற்கவேண்டும். நல்ல மனுஷர்தான். நான் விலகும்போதே சொல்லிவிட்டார்: "ஜூலை ஒண்ணாந்தேதி வரைக்கும் ஒன் எடத்துல வேற ஆளைப் போட மாட்டேன் பாக்கியநாதா. அதுக்குள்ள ஆசை தீந்துடும்." ஆசை தீர்ந்துவிடுமாம்!

ஏப்ரல் 20, செவ்வாய்

ஞாயிறன்று ஈஸ்டர். பிரசங்கம் முழுக்கக் குழாயையே நினைத்துக்கொண்டிருந்தேன். கர்த்தர் மன்னிப்பார், அவரும் தச்சு வேலை பார்த்தவர்.

விஷயம் இதுதான். பழைய எஞ்சினுக்குத் தண்ணீர்ப் பம்பு கிடையாது. சூடான தண்ணீர் தானே மேலே ஏறும், ஆறினது கீழே இறங்கும். அதற்காக ரேடியேட்டர் வாயெல்லாம் அகலம். ஜீப் எஞ்சினுக்குப் பம்பு உண்டு, வாய் சிறுசு. போதாக்குறைக்கு ரேடியேட்டரின் கீழ்வாய் வலப்பக்கம், பம்பின் வாய் இடப்பக்கம். ரப்பர் ஹோஸால் இதைச் சேர்க்க முடியாது.

மூர் மார்க்கெட் போய்ச் செப்புக் குழாய் வாங்கிவந்தேன். வெறுமனே வளைத்தால் நசுங்கும். ஆற்று மணலைச் சலித்து, ஈரம் போக வறுத்து, குழாய்க்குள் இடித்து நிரப்பி, இரண்டு முனையிலும் கட்டை அடித்து, சிவக்கக் காய்ச்சி வளைத்தேன். ஒரு மடிப்புக்கூட விழவில்லை. மணல் வறுத்த வாணலி சாராளுடையது. அதைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

வளைத்த குழாயை வாசலிலேயே வைத்திருக்கிறேன். யாராவது பார்க்கட்டுமே!

ஏப்ரல் 27, செவ்வாய்

கிளம்பிவிட்டது! ஆனால் ஒரு கூத்து. ரேடியேட்டர் மூடிமேல் ஒரு கண்ணாடிக் குழல் உண்டு, தண்ணீர் சூடேற ஏறச் சிவப்புக் கோடு அதில் மேலே வரும். கோடு அசையவே இல்லை. எஞ்சின் தலையைத் தொட்டால் கை பொரிகிறது, ரேடியேட்டரோ பானைத் தண்ணீராய்க் குளிர்ந்து கிடக்கிறது. தண்ணீர் சுற்றவில்லை என்று அர்த்தம்.

நிறுத்திவிட்டு யோசித்தேன். காற்று! மேல்குழாயை நான் அழகாக வளைத்தேனே, அந்த வளைவின் முதுகில் காற்று போய் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைத் தாண்ட விடவில்லை. என் அழகுதான் எனக்கு எதிரி. எஞ்சின் ஆறினதும் முதுகில் துளை போட்டுச் சின்னத் திருகு ஒன்று வைத்தேன். திறந்ததும் புஸ்ஸென்று காற்று போய், பின்னாலேயே தண்ணீர் வந்தது. மூடினேன். கோடு ஏறத் தொடங்கியது.

மே 3, திங்கள்

தச்சூர் போய்ப் பெரிய ரோட்டில் ஏறி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், திரும்பவும் பொன்னேரி. மண்டையைப் பிளக்கிற வெயில். சிவப்புக் கோடு பாதியைத் தாண்டவில்லை. ஆரம்பாக்கத்தில் வயலில் நின்றவர்கள் கையசைத்தார்கள், நானும் கவர்னர் மாதிரி அசைத்தேன். வழியெல்லாம் பாட்டுத்தான்.

சாயங்காலம் சாராளிடம் அளந்துகொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

"எவ்ளோ வேகத்துல போனீங்க?"

"நாப்பது மைலு!"

"ஊர்வலத்துல மேளக்காரங்க நாப்பது மைலு வேகத்துலயா நடப்பாங்க?"

சாப்பிடாமலே எழுந்து காரைப் பார்க்கப் போனேன்.

மே 4, செவ்வாய்

சாராளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. குடையைப் பிடித்துக்கொண்டு ஆரணி ரோட்டில் அவள் முன்னால் நடந்தாள், பின்னாலேயே நான் காரை ஊரவிட்டேன். பக்கத்து வீட்டுச் செண்பகம் வாசலுக்கே வந்துவிட்டாள். "இன்னா டீச்சரம்மா, ஒனக்கா ஊர்வலம்? பொன்னாடை எங்க?" சாராள் சிரிக்காமல் நடந்தாள்.

மதகு வரைக்கும்கூடப் போகவில்லை. கோடு உச்சிக்கு ஏறி, மூடி துள்ளி, ஆவி அடித்தது. அப்படியே நிறுத்தி ஓரங்கட்டினேன்.

நாப்பது மைலு போனா குளுகுளுன்னு கீது, நடந்தா கொதிக்குது. இன்னா எழவுடா இது?

மே 6, வியாழன்

பேஜாரு.

மே 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். என் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேகமாகப் போனால் எதிர்க்காற்று ரேடியேட்டருக்குள் தானே புகும். நடை வேகத்தில் எதிர்க்காற்று ஏது? காற்றை இழுக்கவேண்டியது விசிறி. விசிறிதான் சுற்றுகிறதே, பின் ஏன்? எஞ்சினை ஓடவிட்டு, பழைய தினசரித் தாள் ஒன்றை ரேடியேட்டர் முகத்தில் பிடித்தேன். கீழ்ப்பாதியில் தாள் சப்பென்று ஒட்டிக்கொண்டது. மேல்பாதியில் நழுவி விழுந்தது. திரும்பப் பிடித்தேன், திரும்ப விழுந்தது.

ஜீப் குள்ளம், அதன் விசிறியும் தாழ்வு. இந்தக் கார் நெட்டை, ரேடியேட்டர் அதைவிட நெட்டை. கொதிதண்ணீர் வந்து விழுகிற மேல்பாதிக்குக் காற்றே இல்லை! நாளைக்கே தகர வேலை முனுசாமியைப் பார்க்கவேண்டும்.

மே 15, சனி

முனுசாமி மண்ணெண்ணெய்ப் புனல் செய்கிறவர். இதுவும் புனல்தான், கொஞ்சம் பெரிசு என்று விளக்கினேன். அகன்ற வாய் ரேடியேட்டரின் முதுகு முழுவதையும் மூடவேண்டும், குறுகின வாய் விசிறியைச் சுற்றி நிற்கவேண்டும். அப்போது விசிறி எங்கே இருந்தாலும் ரேடியேட்டர் முழுவதிலிருந்தும் காற்றை உறிஞ்சியாகவேண்டும், வேறு வழி கிடையாது.

"அப்போ எண்ணெய்க்குப் பதிலு காத்தை ஊத்துறே" என்றார். அதேதான்.

மே 24, திங்கள்

புனல் மாட்டியாகிவிட்டது. தாளை எங்கே பிடித்தாலும் ஒட்டிக்கொள்கிறது.

சாராள் குடையோடு நடந்தாள். மதகு தாண்டி, செங்கல் சூளை தாண்டி, ஆற்றங்கரை வரை. அங்கே நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே, ஊர்வலத்தில் சிலம்பம் ஆடுகிற நேரத்துக்கு நின்றோம். கோடு முக்காலில் நின்றது, மேலே போகவில்லை. அக்கினி நட்சத்திர வெயிலில்! இனி எந்த வீதியும் என்னை ஒன்றும் செய்யாது.

திரும்பும்போது சாராளைப் பின் ஸீட்டில் உட்காரச் சொன்னேன். "கால் வலிக்குதுன்னுதான் ஒக்காருறேன்" என்றாள். பாவம், பாதமெல்லாம் சிவந்திருந்தது.

ஜூன் 5, சனி

பெருநாள் முடிந்தது. இன்னும் எட்டு நாள். இன்று வீட்டில் சண்டை.

பொன்னேரி ஸ்டேஷனில் வரதன் சார் சாராளைப் பார்த்திருக்கிறார். என் இடம் இன்னும் காலியாக இருக்கிறதாம், அவள் நான் வருவேன் என்று சொல்லிவிட்டாளாம்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்!

"ஒன் புருஷன் மேல ஒனக்கு நம்பிக்கை இல்லியா?"

"ஒங்க மேல இருக்குது. அந்தக் காரு மேலதான் இல்ல. மாசத்துல எத்தினி கல்யாணம் வரும்? ஆடியில இன்னா பண்ணுவீங்க? எனக்குப் பயமா கீதுங்க. தெனம் கார்த்தால பயத்தோடதான் எழுந்திருக்கிறேன்."

கோபித்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விட்டேன். அவள் பயந்தது வலித்தது. அதைவிட, அந்தப் பயத்தோடுதான் எனக்கு முன்னால் குடை பிடித்து அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள் என்பது வலித்தது. வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 14, திங்கள்

நேற்றைய கதையை முழுசாக எழுதவேண்டும்.

பழவேற்காடு போய்ச் சேர்ந்ததும் முதல் வில்லங்கம். பூக்கட்டுகிறவர் ரேடியேட்டர் முகத்தில் மல்லிகையால் திரைச்சீலையே தொங்கவிட்டுவிட்டார். ஒரு ஈ நுழைய இடமில்லை. கழற்று என்றேன், மாட்டேன் என்றார், முகத்தில் பூ இல்லாத காரு காரா என்றார். கூட்டம் அவர் பக்கம். மாடித் தட்டிக்குப் பின்னாலிருந்து பீவி ஜான் அம்மாள் குரல் வந்தது: "பூவைப் பின்பக்கம் கட்டுங்கப்பா. முஸ்தபா பூ காட்டவா போறான்? பொண்ணு ஊட்டு வாசலுக்குப் போவணும்."

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கிளம்பினோம். முன்னால் மதராஸ் பேண்டு, அப்புறம் சிலம்பம், பைத்து என்கிற புகழ்ப்பாட்டுப் பாடுகிறவர்கள், கடைசியில் முஸ்தபாவும் நானும். கடைத்தெரு முழுக்க நடை வேகம். சிலம்பம் ஆட நின்றார்கள், நின்றோம். கோடு முக்காலில் நின்றது. ஊரே காரைப் பார்க்கிறது, நான் யாரையும் பார்க்கவில்லை, அவ்வளவு கர்வம்.

பள்ளிவாசலை நெருங்கும்போது அந்தித் தொழுகைக்கு மஃரிபு பாங்கு சொன்னார்கள். பேண்டு நின்றது. ஊர்வலத்தை நடத்தி வந்த பக்கீர் முகம்மது என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "மேஸ்திரி, எஞ்சினை நிறுத்திடுங்க. தொழுதுட்டு வந்துடறோம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நடப்பதற்கு வழி செய்தேன். ஓடிக்கொண்டே நிற்பதற்கு வழி செய்தேன். சூடாக இருக்கும்போது நிறுத்துவதை நினைத்தே பார்க்கவில்லை. எஞ்சின் நின்றால் பம்பு நிற்கும், விசிறி நிற்கும். இரும்பில் இருக்கிற சூடெல்லாம் அசையாத தண்ணீரில் இறங்கும். ஆனால் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் முன்னால் எஞ்சினை உறுமவிடுவதா? நிறுத்தினேன். முஸ்தபாவும் தொழ இறங்கினான். தொழ இறங்குவது இறக்கம் ஆகாது என்று பக்கீர் முகம்மது சொல்லிவிட்டுப் போனார்.

தெரு நிசப்தமானது. அந்த நிசப்தத்தில் என் ரேடியேட்டர் மட்டும் களக் களக்கென்று பேச ஆரம்பித்தது. கோடு உச்சிக்கு ஏறியது. ரேடியேட்டரில் மிஞ்சின தண்ணீர் வழிகிற வடிகுழாயில் ஆவி வந்தது. உடனே கூட்டத்திலிருந்து நாலைந்து பேர் குடத்தோடு ஓடிவருகிறார்கள்! குளத்தங்கரைக் கிணற்றுத் தண்ணீர், குளுகுளுவென்று. ஊற்றினால் எஞ்சின் பாளம் பாளமாகப் போகும். வாய்விட்டுக் கத்தவும் முடியாது, உள்ளே தொழுகை. காருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே கத்தினேன்: "ஊத்தாதீங்க! வெடிச்சிடும்! கும்புடுறேன், ஊத்தாதீங்க!"

ஒருத்தர் கேட்கவில்லை. "கொதிக்குதுய்யா, நவுரு" என்று என்னைத் தள்ளினார். அவர் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பாதி என் சட்டையில் கொட்டியது. பயந்தேன். என் நோட்டில் நானே எழுதிக்கொள்வதற்கு என்ன வெட்கம், பயந்தேன்.

ஈரம் வெளியில்தான் படவேண்டும், உள்ளே அல்ல. துணி வேண்டும் என்று சைகை காட்டினேன். பேண்டுக்காரர்களின் தலைவர் ஜோசப் தன் சிவப்புத் தலைப்பாகையை அவிழ்த்தார். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். எல்லாவற்றையும் குடத்தில் முக்கிப் பிழிந்து ரேடியேட்டர் முகத்தில் போர்த்தினேன். பானெட்டைத் திறந்து சூட்டை வெளியே விட்டேன். துணி சூடாக ஆக மாற்றிக்கொண்டே இருந்தோம். மூடியை மட்டும் யாரையும் தொட விடவில்லை. களகளப்பு அடங்கியது. கோடு ஒரு விரல் இறங்கியது. இன்னொரு விரல்.

எல்லாரும் தொழுதுவிட்டு வெளியே வந்தார்கள். முஸ்தபா ஏறி உட்கார்ந்தான். ஸ்டார்ட்டரை அழுத்தினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. கர்த்தரே. இன்னொரு தரம் அழுத்தினேன்.

பிடித்துக்கொண்டது.

"இன்னா மேஸ்திரி, காரு குளிச்சுக்கினு கீது?" என்றான் முஸ்தபா, சொட்டுகிற பானெட்டைப் பார்த்து. "தொழுகை நேரமாச்சே தம்பி, அதான்" என்றேன். ஜோசப் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஈரத் தலைப்பாகையைக் கட்டினார். பேண்டு முழங்கியது. பெண் வீட்டு வாசலில் பந்தல் விளக்குக்கு நேராக நிறுத்தினேன். மாப்பிள்ளை இறங்கினான்.

கிளம்பும்போது திரைக்குப் பின்னாலிருந்து அம்மாள் கூப்பிட்டார். "பள்ளிவாசல் முன்னால கையை விரிச்சுக்கினு நின்னியாமே?" யார் சொன்னார்களோ! "ஆமாம்மா" என்றேன். "எங்க நாத்தனார் ஊட்டுல ரெண்டு பையன்க கீறாங்க. ரெண்டுக்கும் ஒங்காருதான். வேற யார் கிட்டயும் நாளு குடுத்துடாதே."

வஹாப் பாய் வாசல் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். குதிரையை நினைத்துக்கொண்டிருப்பார்.

சாராளிடம் எல்லாம் சொன்னேன். பயந்ததையும் சொன்னேன். "நெஜமாவா பயந்தீங்க?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

ஜூன் 22, செவ்வாய்

இன்று முனுசாமியோடு சேர்ந்து புதிதாக ஒரு சின்னத் தொட்டி செய்து, வடிகுழாயை அதில் விட்டேன். இனி கொதித்து வழிகிற தண்ணீர் அதில் நிற்கும், ஆறினதும் திரும்ப உள்ளே போகும். எந்தப் பாங்குக்கும் நிறுத்தலாம். எந்தக் கோயில் முன்னாலும் நிறுத்தலாம்.

ஜூன் 28, திங்கள்

திருப்பாச்சூரிலிருந்து வந்து கேட்டார்கள். பழவேற்காட்டில் இரண்டு, ஆரணியில் ஒன்று. வியாழக்கிழமை விடிந்ததும் திருப்பாச்சூர் கிளம்பவேண்டும். ஃபேன் பெல்ட் ஒன்று கூடுதலாக வாங்கிவைக்கவேண்டும்.

ஜூலை 4, ஞாயிறு

ஆரணி ஊர்வலம் சுகமாக முடிந்தது. மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, காரைத் துடைக்கத் தகர டப்பாவிலிருந்து துணி எடுத்தேன். புதுத் துணி, காக்கி. இதேது என்று விரித்துப் பார்த்தேன். சட்டைப் பை, அதன்மேல் சிவப்பு நூலில் பஸ் கம்பெனியின் பேர்.

டப்பாவைக் கவிழ்த்தேன். என் காக்கிச் சட்டை இரண்டும், நிக்கர் இரண்டும். ஒரே அளவில் சதுரம் சதுரமாக, டீச்சர் கை வெட்டினது. அப்போதுதான் தேதி உறைத்தது. வரதன் சார் கெடு வைத்த ஒன்றாம் தேதி வியாழக்கிழமையே போய்விட்டிருக்கிறது, நான் திருப்பாச்சூரில் இருந்திருக்கிறேன். எனக்கு நினைவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒண்ணாந்தேதிக்குன்னு மொத நாளே தோச்சு இஸ்திரி போட்டு நாற்காலி மேல வெச்சேன். கார்த்தால நீங்க அதை நவுத்தி வெச்சிட்டு, அடியில இருந்த கார் சாவியை எடுத்துக்கினு போய்ட்டீங்க. துணி இன்னான்னுகூடப் பாக்கல. கொஞ்ச நேரம் பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன். அப்புறம் கத்திரிக்கோலை எடுத்தேன்."

துணி இன்னும் என் கையில்தான் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா தொடைக்குதா?"

"நல்லா தொடைக்குது" என்றேன்.